கலைக்கப்பட்ட சபைக்குப் பத்து மதிப்பெண்

எங்கள் கல்லூரியின் புவியியல் துறை ஒரு மலர் வெளியிடுகிறது. ஓய்வு பெற்றவர்கள் பணிக்கால நினைவு ஒன்றை எழுதித் தர வேண்டும் என்று இப்போதைய உதவிப் பேராசிரியர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். இனிமையானதாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார். பேச்சை முடிக்கும் தறுவாயில், புதிய பாடத்திட்டம் வந்துவிட்டதாகவும், உள்ளாட்சித் தாளின் நான்காம் அலகை மட்டும் யாரும் தொடவில்லை என்றும், அதை நடத்த என்னிடம் பழைய குறிப்புகள் இருக்குமா என்றும் கேட்டார். நான்காம் அலகு என்பது இங்கிலாந்தின் பெருநகர மாவட்டம் ஒன்றின் நிலப்பரப்பும் ஆட்சியும். அதில் இன்னமும் இரண்டு அடுக்கு இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குதுங்க சார். மேல கவுண்டி சபை, கீழ மாவட்ட சபை. ரெண்டும் இருக்குது" என்றார்.

அதன் பிறகு இனிமையான நினைவு எதுவும் எனக்கு வரவில்லை. வந்ததை எழுதுகிறேன்.

நான் சென்னையில் படித்தவன். சின்னாற்று வடிநிலத்தின் மண்ணரிப்பைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்று, எழுபதுகளின் பிற்பகுதியில் தருமபுரிக்கு வந்து சேர்ந்தேன். சேர்ந்த வாரமே துறைத்தலைவர் நான்காம் அலகை என்னிடம் ஒப்படைத்தார். துறையில் யார் இளையவரோ அவரிடம் அது போய்ச் சேரும் என்பது வழக்கமென்று பிறகு தெரிந்தது. என்னிடம் வந்தது என்னிடமே தங்கிவிட்டது.

பாடநூல் எடுத்துக்கொண்ட மாவட்டம் கிர்க்லீஸ். இங்கிலாந்தின் வடபகுதியில், மேற்கு யார்க்ஷயரில் இருப்பது. மேற்கே பென்னைன் மலைத்தொடரின் மரமற்ற மேட்டுநிலம். அங்கிருந்து இறங்கும் கோல்ன், ஹோம் என்னும் இரண்டு ஆறுகள் ஹடர்ஸ்பீல்டு நகரில் கூடி, சற்றுத் தொலைவில் கால்டர் ஆற்றில் சேர்கின்றன. மலையில் விழும் மழையால் உப்புக் குறைந்த மென்னீர், கம்பளி அலசத் தோதான அந்நீரால் கம்பளி ஆலை, ஆலையால் ஊர் என்று பள்ளத்தாக்கு நெடுகிலும் குடியிருப்புகள் ஏற்பட்டன. 1974ஆம் ஆண்டு ஹடர்ஸ்பீல்டையும், கிழக்கே இருந்த டியூஸ்பரியையும், அவற்றைச் சுற்றியிருந்த சிற்றூர்களையும் சேர்த்து, பதினோரு பழைய உள்ளாட்சி அமைப்புகளை ஒரே மாவட்டமாகக் கட்டினார்கள். எந்த நகரத்தின் பெயரை வைத்தாலும் மற்ற நகரம் பொறுக்காது. ஆகவே ஒரு பழைய கன்னியர் மடத்தின் பெயரை எடுத்து வைத்தார்கள். கிர்க்லீஸ் என்று ஓர் ஊர் அந்த மாவட்டத்தில் கிடையாது.

இதை நான் வகுப்பில் சொல்லும்போது, பாலக்கோட்டையும் பென்னாகரத்தையும் ஒன்றாக்கி இரண்டுக்கும் பொதுவில் மூன்றாவது பெயர் ஒன்றைச் சூட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஓர் ஆண்டு, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து கேட்டார். "அப்போ பஸ்ஸுக்கு என்னான்னு போர்டு போடுவாங்க சார்?" வகுப்பு சிரித்தது. அது மிக நல்ல கேள்வி. பாடநூலில் அதற்கு விடை இல்லை.

மாவட்டத்தின் தலைக்கு மேல், அண்டை மாவட்டங்களுக்கும் சேர்த்து, மேற்கு யார்க்ஷயர் கவுண்டி சபை இருந்தது. காவல், தீயணைப்பு, பேருந்து, நிலப் பயன்பாட்டுக்கான பெருந்திட்டம் ஆகியவை மேல் அடுக்கில். பள்ளிக்கூடம், வீட்டுவசதி, முதியோர் நலம் ஆகியவை கீழ் அடுக்கில். வீடுகளில் குப்பையைச் சேகரிப்பது மாவட்டத்தின் பொறுப்பு. சேகரித்ததை அழிப்பது கவுண்டியின் பொறுப்பு. இந்தக் கடைசிச் செய்தியைக் கேட்டு என் மனைவி லூர்துமேரி, "அள்ளறது ஒருத்தரு, கொட்டறது இன்னொருத்தரா? எங்க ஒன்றியத்துல ரெண்டுக்கும் ஆள் இல்ல. அதனால சண்டையும் இல்ல" என்றாள்.

லூர்து, இந்த ஆண்டு மழை தொடங்குவதற்கு முன் காலமானாள். அந்நாட்களில் பென்னாகரம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள். எங்கள் வீடு இண்டூரில். காலையில் ஒரே நிறுத்தத்தில் நிற்போம். நான் தருமபுரிப் பேருந்துக்கு, அவள் எதிர்த்திசையில் பென்னாகரம் பேருந்துக்கு. பள்ளியிறுதியோடு பணியில் சேர்ந்தவள். பட்டம் இல்லாதவர்களின் பெயர் மேல் பதவிக்கான பட்டியலில் சேராது என்பதால், அஞ்சல்வழியில் பொது நிர்வாகம் படித்தாள். அந்தப் பட்டப் படிப்புக்கும் எங்கள் துறைக்கும் உள்ளாட்சித் தாள் பொது. எனவே கிர்க்லீஸ் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது.

அவளுடைய குடும்பம் தலைமுறைகளாக வேளாண்மை செய்த கத்தோலிக்கக் குடும்பம். மடத்தின் கதை அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த மடத்தின் இடிபாடு கிர்க்லீஸின் எல்லைக்கு வெளியே, பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது என்று நான் சொன்னபோது, ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பினாள். "பேரு குடுத்த மடமே அவங்க எல்லையில இல்லியா? இதை வெச்சிக்கிட்டா நம்மளை நிர்வாகம் தெரியாதவங்கன்னு சொன்னாங்க?"

1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் ஒன்றியங்களுக்கு நெடுங்காலத்துக்குப் பிறகு தேர்தல் நடந்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் முடிந்த அன்று இங்கிலாந்தின் பெருநகரக் கவுண்டி சபைகள் எல்லாம் கலைக்கப்பட்டன. அவற்றின் வேலைகளை மாவட்டங்களும் புதிதாக அமைந்த கூட்டு அமைப்புகளும் பிரித்துக்கொண்டன. சிற்றலை வானொலியில் நாங்கள் இருவரும் அதைக் கேட்டோம். அவளுக்குத் தேர்வு மே மாதம்.

நான் ஓர் ஆசிரியனாக அல்ல, தேர்வு முறையை அறிந்தவனாக அவளுக்கு ஒரு யோசனை சொன்னேன். பாடநூலில் உள்ளபடி இரண்டு அடுக்கையும் முதலில் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரியில் கலைப்பைச் சொல்லிவிடு என்றேன்.

"இல்லாத ஆபீசுக்கு அதிகாரம் இருக்குதுன்னு எழுதச் சொல்றீங்களா? எங்க ஆபீசுல அப்படி எழுதுனா மெமோ குடுப்பாங்க" என்றாள்.

அவள் மிகையாகச் சொல்லவில்லை. அவள் பணியில் சேர்ந்த புதிதில் ஒன்றிய மன்றத்தின் காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். அன்றே மன்றத் தலைவரின் முத்திரைகளை எடுத்துப் பூட்டிவைத்தார்கள். மறுநாள் யாரோ பழக்கத்தில் தலைவர் பெயரிட்டு ஒரு கடிதத்தை அனுப்பிவிட, அலுவலகம் முழுவதும் விளக்கம் எழுத நேர்ந்தது. ஒரு சபை கலைந்தால் அந்த நிமிடம் முதல் அது எதையும் 'செய்கிறது' என்று எழுதக் கூடாது என்பது அவள் கைக்குப் பழகிய விதி. அந்தக் கையோடுதான் அவள் தேர்வுக்குப் போனாள்.

விடைத்தாள் திருத்தும் முகாம் பக்கத்து மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் வேதியியல் கூடத்தில் நடந்தது. கல் மேசைகள், தண்ணீர் வராத குழாய்கள், மே மாத வெயில். தாள்களின் முகப்பைக் கிழித்துவிட்டு மாற்று எண் இட்டு, சணல் கயிற்றால் கட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டாகத் தருவார்கள். நாங்கள் சிவப்பு மையில் திருத்துவோம். தலைமைத் தேர்வாளர் மட்டும் பச்சை மை. ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில தாள்களை உருவி அவர் மறுபடி படிப்பார். உறவினர் யாரேனும் தேர்வு எழுதியிருந்தால் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். என் மனைவி அஞ்சல்வழியில் எழுதியிருக்கிறாள் என்று நான் எழுத்தில் தெரிவித்தேன். அஞ்சல்வழித் தாள்கள் வேறு முகாமுக்குப் போகின்றன, கவலை வேண்டாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

தலைமைத் தேர்வாளர் பேராசிரியர் சபாநாயகம். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டார். பியூன் உட்பட எல்லோரையும் 'சார்' என்பார். கட்டுகளிலிருந்து அவிழ்த்த சணலை வளையமாகச் சுற்றி மாலையில் அலுவலகத்தில் திருப்பிக் கொடுப்பார். ஒருமுறை, செல்வாக்குள்ள ஒருவரின் சிபாரிசுச் சீட்டோடு யாரோ வந்தார். அவரை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, ஊரில் மழை உண்டா என்று விசாரித்து, சீட்டைப் பிரிக்காமலேயே அவருடைய சட்டைப்பையில் திரும்ப வைத்து அனுப்பினார். இன்னொன்றும் உண்டு. அவர் எதையும் முடியாது என்று சொன்னதில்லை. 'குழு இன்னும் கூடவில்லை' என்பார். பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் பாடத்திட்டக் குழுவுக்கு. அது கூடி ஆண்டுகள் ஆகியிருந்தன. மின்விசிறி ஓடவில்லை என்று முறையிட்டவரிடமும் அவர் வாயில் பழக்கத்தில் அதே வாக்கியம் வந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

முதல் நாள் காலை விடைக்குறிப்பை அவரே நின்றுகொண்டு வாசித்தார். ஆறாம் வினா: பெருநகர மாவட்டம் ஒன்றில் இரண்டு அடுக்குகளின் தற்போதைய அதிகாரங்களை விளக்குக. மேல் அடுக்குக்குப் பத்து மதிப்பெண், கீழ் அடுக்குக்குப் பத்து.

நான் எழுந்து, "மேல் அடுக்கு மார்ச்சோட கலைஞ்சுபோச்சு சார்" என்றேன்.

"பேப்பர்ல படிச்சேன் சார்."

"வினாவுல 'தற்போதைய'ன்னு இருக்குதுங்களே?"

"வினா தயாரானது போன வருஷம். அப்ப இருந்தது."

"பசங்க எழுதினது இந்த மே மாசம் சார்."

"பாடத்திட்டத்துல யாரும் கலைக்கலையே சார். குழு இன்னும் கூடலை."

என் மேசையில் இருந்த கோவிந்தசாமி, பாலக்கோட்டுக்காரர், எனக்கு நெடுநாள் நண்பர். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அங்க சபையையே கலைச்சுப்போட்டாங்க. இங்க ஒரு வரியைக் கலைக்க முடியலீங்களா சார்?" கூடம் சிரித்தது. சபாநாயகமும் சிரித்தார். சிரித்துவிட்டு ஏழாம் வினாவை வாசித்தார்.

நான் விடவில்லை. அன்றைய தேநீர் இடைவேளையிலும் மறுநாள் இடைவேளைகளிலும் அவர் பின்னாலேயே நடந்தேன். கலைக்கப்பட்டது என்று எழுதி, அதன் அதிகாரங்கள் யாரிடம் போயின என்பதையும் சரியாகச் சொன்னவர்களுக்கு அந்தப் பத்து மதிப்பெண்ணைத் தரலாம் என்று ஒரு வரி ஆணை கேட்டால் போதும் என்றேன். பாடநூலை ஒப்பித்தவரும் தோற்க வேண்டாம், செய்தித்தாள் படித்தவரும் தோற்க வேண்டாம். மூன்றாம் நாள் காலை அவர் இணங்கினார். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குத் தம் கைப்பட ஒரு குறிப்பு எழுதினார். மாலைத் தபாலில் போவதற்காக, காகிதம் பறக்காமலிருக்கக் கண்ணாடிக் குண்டை அதன்மேல் வைத்தார். இத்தனை ஆண்டுகளில் நிர்வாகத்தோடு நான் நடத்திய வாதங்களில் வென்றது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடப் போனேன்.

சாப்பிட்டு வந்ததும் புதிய கட்டு காத்திருந்தது. மற்ற முகாமில் ஆள் போதாமல் சில மூட்டைகளை இங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். கட்டின் நடுவில் ஒரு தாளைத் திருப்பினேன். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் எண் இட்டிருந்தது, கோப்பில் குறிப்பு எழுதுவதைப் போல. முதல் விடையின் முடிவில், வலப்பக்கம் ஒதுக்கி, 'ஆணைக்காகப் பணிந்து' என்று இருந்தது. மேலதிகாரிக்குக் கோப்பை அனுப்பும் எழுத்தர் கடைசியாக எழுதும் சொற்கள். தேர்வு அவசரத்தில் கை தானாக எழுதியிருக்கிறது. கையெழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பார்த்தேன்.

தாளை மூடி, எடுத்துக்கொண்டுபோய்ச் சபாநாயகத்தின் முன் வைத்தேன்.

"இது என் மனைவியோட தாள் சார்."

அவர் பச்சைப் பேனாவை மூடினார். "படிச்சீங்களா?"

"இல்ல சார். ஒரு விடையோட கடைசி வரியைப் பார்த்ததும் மூடிட்டேன்."

அவர் தாளைப் பிரித்து ஆறாம் வினாவைத் தேடிப் படித்தார். நிதானமாகப் படித்தார். அவள் என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். படித்து முடித்தபின், கண்ணாடிக் குண்டை நகர்த்தி, காலையில் எழுதிய குறிப்பை எடுத்து நான்காக மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இது இனிமே போகக் கூடாது சார்."

"நான் பேசுனப்ப இந்தக் கட்டு இங்க வரவேயில்லீங்களே."

"எனக்குத் தெரியும் சார். நாளைக்குக் கேக்கறவங்களுக்குத் தெரியாது. மூணு நாளா நீங்க எதுக்காகப் பேசுனீங்கன்னு அவங்களே ஒரு கதை கட்டிக்குவாங்க."

"அப்ப அவளை விட்டுட்டு மத்தவங்களுக்காவது..."

"ஒருத்தர் தவிர மத்த எல்லாருக்கும்னு எழுதட்டுமா சார்?" என்று கேட்டார். பிறகு மிக மெல்ல, "குழு கூடட்டும்" என்றார்.

அவர் முகத்தில் ஐயம் இல்லை. இருந்திருந்தால் நான் சண்டையிட்டிருப்பேன். என் நேர்மையை அவர் முழுமையாக நம்பினார். அதைக் காப்பாற்றுவதாக எண்ணியே அந்தக் குறிப்பை மடித்தார். நேர்மையான மனிதர் ஒருவர், நேர்மையான காரணத்துக்காக, சரியான விடையைத் தவறாக்கினார். யாரைக் குறை சொல்வது என்று நானும் இத்தனை ஆண்டுகள் பார்த்துவிட்டேன்.

தாள் கோவிந்தசாமியிடம் போனது. அவர் விடைக்குறிப்பின்படி திருத்தினார். மாலையில் பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது, "கம்முனு நீங்களே திருத்தியிருந்தா ஒரு ஈ காக்காய்க்குத் தெரியுங்களா?" என்றார். நான் நடையைக் கூட்டினேன். "சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன்" என்று அவரே முடித்துக்கொண்டார்.

முகாமில் நடந்ததை வெளியே பேசக் கூடாது. முடிவுகள் வரும்வரை காலையில் அதே நிறுத்தத்தில் அவளோடு நின்றேன். பட்டியலில் பெயர் வந்தால் பாலக்கோட்டுக்கு மாற்றுவார்கள், இரண்டு பேருந்து ஏற வேண்டியிருக்கும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தருமபுரிப் பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஒரு தாளில் அவள் தேறவில்லை. மற்ற வினாக்களைக் கரை சேரும் அளவுக்குத்தான் எழுதியிருந்தாள். அந்தப் பத்து இருந்திருந்தால் சேர்ந்திருப்பாள். மதிப்பெண் அட்டை வந்த அன்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"கோயிந்தசாமி சாரா திருத்துனாரு? நம்ம வூட்டுல களி தின்னுட்டு இன்னொரு உருண்டை கேட்டாரே, அவரா?" என்றாள்.

"அவர் மேல பிழை இல்ல, லூர்து."

"பிழைன்னு யாருங்க சொன்னா? உருண்டையைச் சொன்னேன்." அட்டையை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள். "ஏங்க, என் தாளைப் பாத்த பொறகுதானே அவரு அந்தக் குறிப்பை எடுத்துப் பையில வெச்சாரு?"

"ஆமாம்."

"அப்போ என்னை மாதிரி எழுதுனவங்க எத்தனை பேரோ, அவங்களுக்கும் என்னாலதான் போச்சு."

தான் தேறாததைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

டிசம்பரில் மறுபடி எழுதினாள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாள். "உசுரோட எழுப்பிட்டேன் உங்க கவுண்டி சபையை. போலீஸ் வெச்சிருக்குது, பஸ் விடுது, குப்பையை அழிக்குது. ஏசு மூணாம் நாளு எழுந்தாரு. இதுக்கு எட்டு மாசத்துக்கு மேல ஆச்சு."

"கடைசியில ஆணைக்காகப் பணிந்துன்னு போட்டியா?"

"பொய்க் கோப்புக்கு யாராவது ஆணை கேப்பாங்களா?" என்றாள்.

நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். ஆனால் அந்த ஆண்டுக்கான பட்டியல் அதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த பட்டியலுக்கு ஆண்டுகள் ஆயின. இடையில் அவளுக்கு இளையவர்கள் மேலே போனார்கள். எழுத்தர் மேசையிலிருந்து ஒரே ஒரு படி ஏறி ஓய்வு பெற்றாள். சபாநாயகம் பெயர் எப்போதாவது பேச்சில் வந்தால், "அவரு சட்டையைத் துவைக்கப் போட்டப்ப அந்தக் காகிதத்தை எடுத்தாரான்னு கேளுங்க" என்பாள்.

தொண்ணூறுகளில் பாடத்திட்டக் குழுவுக்கு என்னையே உறுப்பினராகப் போட்டார்கள். முதல் கூட்டத்திலேயே நான்காம் அலகை எழுப்பினேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. அதை ஆராய ஒரு துணைக்குழு அமைப்பதென்று முடிவாயிற்று. துணைக்குழுவுக்கு நான்தான் அழைப்பாளர். மற்ற இரு உறுப்பினர்களில் ஒருவர் மாற்றலாகிப் போனார். இன்னொருவர் ஓய்வு பெற்றார். இருவருக்கும் மாற்று உறுப்பினரை நியமிக்கப் பாடத்திட்டக் குழு கூட வேண்டும். அது கூடுவதற்குள் நானும் ஓய்வு பெற்றேன்.

மலருக்காக என்னைக் கேட்ட உதவிப் பேராசிரியருக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். என் பழைய குறிப்புகள் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளலாம். கோல்ன், ஹோம் ஆறுகள் இன்னும் ஹடர்ஸ்பீல்டில்தான் கூடுகின்றன. மற்றதை நீங்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று பதிய இண்டூர் இ-சேவை மையத்துக்குப் போனேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு விரல் ரேகை வைக்க வேண்டும். வைத்தேன். கணினியில் இருந்த பெண் எங்கள் தெருக்காரி, லூர்துவை அறிந்தவள். திரையைப் பார்த்துவிட்டுத் தயக்கத்தோடு கேட்டாள்.

"ஐயா, இறப்புச் சான்றுதான் வாங்கிட்டீங்களே. குடும்ப அட்டையில அம்மா பேரு இன்னும் இருக்குதுங்க. எடுத்துடலாங்களா? ரெண்டு நிமிஷ வேலைதான்."

"குழு இன்னும் கூடலைம்மா" என்றேன்.

"எந்தக் குழுங்கய்யா?" என்றாள்.

அடையாளத்துக்காகக் கொடுத்திருந்த அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.